கொம்பு முளைத்த எழுத்து: உக்ரைனியம் பல்கலைக்கழகப் பாடமான கதை

உக்ரைனிய மொழியில் 'ஹ்ராத்தி' என்றால் விளையாடுவது. 'க்ராத்தி' என்றால் சிறைக் கம்பி. எழுதும்போது இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது சொல்லின் முதல் எழுத்துக்கு வலது மூலையில் மேல்நோக்கிச் சின்னதாக ஒரு கொம்பு இருக்கும். 1933இல் சோவியத் அரசு அந்தக் கொம்பு எழுத்தை எழுத்து வரிசையிலிருந்தே தூக்கிவிட்டது. 1990இல்தான் அது திரும்பி வந்தது. இடையில் 57 ஆண்டுகள், உக்ரைனில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு விளையாட்டும் சிறைக் கம்பியும் ஒரே எழுத்துக்கூட்டல்.

நமக்கு இதில் பெரிய விஷயம் எதுவும் தெரியாமல் போகலாம். நம் 'க' ஒன்றே 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி, 'பகலில்' வேறு மாதிரி ஒலிக்கிறது. சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து நாக்கு தானே முடிவு செய்துகொள்கிறது. உக்ரைனியத்தில் அப்படி இடம் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலியும் வரும். ரஷ்ய மொழிக்கோ இந்த இடத்தில் ஒரே எழுத்து போதும். ஆக, கொம்பு எழுத்தை எடுத்ததால் உக்ரைனிய எழுத்து வரிசை ரஷ்யத்தை நோக்கி ஓரடி நகர்ந்தது. செய்தவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உக்ரைனியம் படிக்கச் சேரும் மாணவருக்கு இந்தக் கதை அரிச்சுவடியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. மற்ற மொழி வகுப்புகளில் இலக்கணம் இலக்கணமாக மட்டும் இருக்கும். இங்கே ஒவ்வொரு இலக்கணக் குறிப்புக்குப் பின்னாலும் ஓர் ஆண்டும், பெரும்பாலும் ஓர் ஆணையும் இருக்கிறது. போருக்கு முன் நான்கு கோடிக்கு மேல் மக்கள் இருந்த நாட்டின் மொழிக்கு, உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் தனித்துறை ஏன் இவ்வளவு குறைவு, இருக்கிற சிலவும் எப்படி வந்தன என்று கேட்டால் அந்த ஆணைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1863இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் பியோத்தர் வலுயெவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 'சிறிய ரஷ்ய மொழி' (உக்ரைனியத்துக்குப் பேரரசு வைத்த பெயர்) என்று தனியாக ஒன்று இருந்ததும் இல்லை, இருக்கவும் இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை எடுத்துக்காட்டிய அந்த அறிக்கை, உக்ரைனியத்தில் சமய நூல்களையும் பாடநூல்களையும் அச்சிடுவதை நிறுத்தியது. கதை, கவிதைக்குத் தடை இல்லை. இந்தப் பாகுபாடு கவனிக்க வேண்டியது. உன் மொழியில் பாட்டு எழுதிக்கொள், பாடம் எழுதாதே என்பதுதான் அதன் சாரம். ஒரு மொழியை வீட்டுக்கும் வயலுக்கும் உரியதாக நிறுத்தி வைக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. 13 ஆண்டு கழித்து, 1876இல், ஜெர்மனியின் பாட் எம்ஸ் ஊரில் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்குப் போயிருந்த ஸார் இரண்டாம் அலெக்ஸாந்தர் இன்னொரு ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து உக்ரைனியப் புத்தகம் கொண்டுவருவது, மேடையில் உக்ரைனிய நாடகம் போடுவது, இசைக் குறிப்புக்குக் கீழே உக்ரைனியப் பாடல் வரி அச்சிடுவது எல்லாவற்றுக்கும் தடை வந்தது. 1905 வாக்கில்தான் பிடி தளர்ந்தது. கார்கிவ் பல்கலைக்கழகம் 1805 முதல், கீவ் பல்கலைக்கழகம் 1834 முதல் உக்ரைன் மண்ணிலேயே இருந்தும், பேரரசின் காலத்தில் அங்கே பாடம் ரஷ்ய மொழியில்தான் நடந்தது.

முதல் இருக்கை எல்லைக்கு அந்தப் பக்கம் அமைந்தது. அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த லிவிவ் நகரப் பல்கலைக்கழகம், 1848 புரட்சியின் சூட்டில், அன்று 'ரூத்தேனியம்' என்று அழைக்கப்பட்ட உக்ரைனிய மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியது. அதில் அமர்ந்தவர் யாகிவ் ஹொலோவாத்ஸ்கி. கதை இங்கே நேராகப் போகவில்லை. அதே ஹொலோவாத்ஸ்கி பின்னாளில் ரஷ்யப் பற்றாளராக மாறி, பதவியை இழந்து, 1867இல் ரஷ்யப் பேரரசுக்கே குடிபோய்விட்டார். இருக்கையை உண்டாக்குவது ஒரு வேலை. அதில் உட்காருகிறவர் என்ன நினைப்பார் என்பது வேறு.

லிவிவ் பல்கலைக்கழகத்துக்கு இன்று உக்ரைனியக் கவிஞரும் எழுத்தாளருமான இவான் ஃபிராங்கோவின் பெயர். 1895இல் அவர் அங்கே விரிவுரையாளராகத் தன் முதல் உரையை நிகழ்த்தினார். ஆனால் அவரது அரசியலைக் காரணம் காட்டி மாகாண ஆளுநர் நியமனத்தைத் தடுத்துவிட்டார். வேலை தராத பல்கலைக்கழகத்துக்கே 1940இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் இறந்து அப்போது 24 ஆண்டு ஆகியிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் லிவிவ் போலந்தின் கையில் போனது. பல்கலைக்கழகத்தில் உக்ரைனியப் பதவிகள் பறிபோயின, உக்ரைனிய மாணவர்கள் சேருவதற்கும் முட்டுக்கட்டை வந்தது. அவர்கள் செய்தது அசாதாரணமானது. 1921 முதல் 1925 வரை ஒரு ரகசியப் பல்கலைக்கழகத்தை நடத்தினார்கள். வீட்டுக் கூடங்களிலும் சங்க அலுவலகங்களிலும் வகுப்பு. காவல்துறை வரும் என்ற பயத்தில் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் படித்தார்கள். அதே 1921இல் நாட்டைவிட்டு ஓடியவர்கள் வியன்னாவில் உக்ரைனிய சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். சில மாதங்களில் அது பிராகாவுக்குப் போனது, 1945இல் மியூனிக்குக்கு. இன்றும் மியூனிக்கில் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகம், மூன்று ஊர்.

சோவியத் உக்ரைனில் 1920கள் வேறு மாதிரி இருந்தன. சிறிது காலம் அரசே உக்ரைனியத்தை வளர்த்தது. 1927இல் கார்கிவில் கூடிய மாநாடு, எல்லையின் இருபுறத்து அறிஞர்களையும் உட்கார வைத்து, பொதுவான எழுத்துமுறை ஒன்றைப் பேசி முடித்தது; 1928இல் அது நடைமுறைக்கு வந்தது. அதைக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்த கல்வி ஆணையர் மிக்கோலா ஸ்க்ரிப்னிக் 1933 ஜூலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் கொம்பு எழுத்தும் போனது. கீவ் பல்கலைக்கழகத்தில் உக்ரைனிய இலக்கியம் கற்பித்த கவிஞர், மொழிபெயர்ப்பாளர் மிக்கோலா ஸெரோவை 1935இல் கைது செய்தார்கள். 1937 நவம்பர் 3ஆம் தேதி வடமேற்கு ரஷ்யாவின் சாந்தர்மோஹ் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தலைமுறைக்கு இன்றைய பாடத்திட்டங்களில் உள்ள பெயர் 'சுட்டுக்கொல்லப்பட்ட மறுமலர்ச்சி'. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் உக்ரைனியப் படிப்புக்கான பதவி ஸெரோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கீவில் அவர் நடத்திய வகுப்பு, ஒருவகையில், மெல்போர்னில் தொடர்கிறது.

இந்தக் காலத்தைப் பற்றி மொழியியலாளர் யூரி ஷெவெல்யோவ் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பழைய பேரரசுகள் மொழியை வெளியிலிருந்து தடுத்தன: அச்சிடாதே, கற்பிக்காதே என்றன. சோவியத் அரசோ மொழிக்கு உள்ளேயே கை வைத்தது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எந்த விகுதி சரி, எந்த எழுத்து வேண்டாம் என்று அகராதிக்கும் இலக்கணத்துக்கும் உள்ளே புகுந்து தீர்மானித்தது. தடுக்கப்பட்ட புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கலாம். அகராதியிலேயே இல்லாமல் போன சொல்லை அடுத்த தலைமுறை எப்படித் தேடும்?

தேடியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். மேற்கு உக்ரைனிலிருந்து 1891 முதலே கனடாவின் புல்வெளி மாகாணங்களுக்கு விவசாயிகள் போய்க் குடியேறியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதி முகாம்களிலிருந்து படித்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இவர்களின் அச்சகங்கள் 1928 எழுத்துமுறையைக் கைவிடவில்லை. கீவில் இல்லாத கொம்பு எழுத்து வின்னிபெக்கில் அச்சாகிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததைத் தமிழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். 1957இல் அமெரிக்காவில் இருந்த உக்ரைனிய மாணவர் அமைப்பு, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் உக்ரைனிய இருக்கை அமைக்கப் பணம் திரட்ட முடிவு செய்தது. வீடு வீடாக, தேவாலயம் தேவாலயமாகத் திரட்டினார்கள். துருக்கிய மொழி அறிஞரான ஓமெல்யன் பிரித்ஸாக் ஹார்வர்டில் இருந்தார். ஓர் இருக்கை போதாது, வரலாறு, இலக்கியம், மொழி என மூன்றும், கூடவே ஓர் ஆய்வு நிறுவனமும் வேண்டும் என்றார் அவர். 1968இல் வரலாற்று இருக்கை, 1973இல் மற்ற இரண்டு, அதே ஆண்டில் ஹார்வர்ட் உக்ரைனிய ஆய்வு நிறுவனம். 1971இல் தொடங்கிய கோடைப்பள்ளி இன்றும் நடக்கிறது. அதே ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் சேர்ந்தது 2018இல். இரண்டு மருத்துவர்கள் போட்ட முதல் பணத்தோடு தொடங்கி, தமிழக அரசு தந்த 10 கோடி ரூபாய் வரை பலர் கை கொடுத்தார்கள். டொரொண்டோ பல்கலைக்கழகத்திலும் இதே வரிசைதான்: உக்ரைனிய இருக்கை 1980இல், தமிழ் இருக்கைக்கான நிதி நிறைவடைந்தது 2021இல். நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே கதவை இரண்டு சமூகங்கள் தட்டியிருக்கின்றன.

இருக்கை என்பது பேராசிரியர் ஒருவருக்கான சம்பளம் மட்டும் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் நடப்பதால், மாணவர் எண்ணிக்கை குறைந்த ஆண்டிலும் பாடத்தை மூட முடியாது. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் 'ஸ்லாவிய மொழித் துறை' என்று பலகை இருக்கும். உள்ளே போனால் பெரும்பகுதி ரஷ்யம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ரஷ்ய மொழிப் படிப்புக்குப் பணம் கொட்டியது. எதிரியின் மொழி தெரிய வேண்டும் என்பது காரணம். மற்ற ஸ்லாவிய மொழிகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. உக்ரைனியத்தின் பக்கம் அப்படி ஓர் அரசு இல்லை. புலம்பெயர்ந்தவர்களின் பாக்கெட்தான் இருந்தது. எட்மண்டனில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் கனடிய உக்ரைனிய ஆய்வு நிறுவனம் 1976இல் வந்தது. அங்கே நாட்டாரியலும் தனிப் படிப்பு. புல்வெளியில் வாழ்ந்த உக்ரைனிய விவசாயிகளின் திருமணச் சடங்கும், 'பிசங்கா' என்ற மெழுகு ஓவிய முட்டைகளும் அங்கே ஆய்வுப் பொருள். எட்மண்டனுக்குக் கிழக்கே உள்ள வெக்ரவில்லில் 1975இல் நிறுவிய ராட்சத முட்டைச் சிற்பம் காற்றடிக்கும் பக்கம் சுழலும். கனடாவைப் பற்றி ஒரு இடைக்குறிப்பு: ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமா இந்த நாடு என்று 1960களில் உரக்கக் கேட்டவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் உக்ரைனியர்கள். 1971இல் வந்த பல்பண்பாட்டுக் கொள்கையின் நிழலில்தான் பின்னாளில் போன ஈழத்தமிழர்களும் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள்.

சரி, வகுப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

ரஷ்யம் தெரிந்தவர்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு வருவார்கள். மொழியியலாளர் கோஸ்தியந்தின் திஷ்செங்கோவின் பரவலாக எடுத்தாளப்படும் கணக்குப்படி, உக்ரைனியச் சொற்களில் 38 சதவீதம் ரஷ்யத்திலிருந்து வேறுபடுகின்றன. பெலாரசிய மொழிதான் மிக நெருக்கம், போலிஷ் அதற்கடுத்து. 'நன்றி'க்கு ரஷ்யர் 'ஸ்பசீபா' என்பார், உக்ரைனியர் 'தியாக்குயு'. மாதப் பெயர்களில் இன்னும் தெளிவு. ரஷ்யம் லத்தீன் பெயர்களை எடுத்துக்கொண்டது. உக்ரைனியத்தில் ஏப்ரல் 'க்வீத்தென்', அதாவது பூ மாதம். ஆகஸ்ட் 'செர்ப்பென்', அரிவாள் மாதம், அறுவடை நேரம். அக்டோபர் மஞ்சள். நவம்பருக்கு 'லிஸ்தோபாத்': இலை விழுதல். பெயர்களை மனப்பாடம் செய்யும்போதே அந்த ஊரின் பருவங்கள் மாணவருக்குள் இறங்கிவிடும்.

தமிழர் ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு பாடத்தில் நிமிர்ந்து உட்காருவார். உக்ரைனியத்துக்கு ஏழு வேற்றுமை. ஏழாவது விளி வேற்றுமை. ரஷ்யத்தில் அது கிட்டத்தட்டச் செத்துவிட்டது. கடவுளை அழைக்கும் ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் எச்சமாக நிற்கிறது. உக்ரைனியத்தில் அன்றாடம் புழங்குகிறது. இவான் என்பவரைக் கூப்பிட 'இவானே!' தாராஸை 'தாராஸே!' முருகனை முருகனே என்பதைப் போலவே. உறவெல்லாம் ஒன்றுமில்லை, தற்செயல்தான்; ஆனாலும் காதில் விழும்போது சிரிப்பு வரும். ஒக்ஸானா 'ஒக்ஸானோ' ஆவார், அம்மா 'மாமோ'. 1930களுக்குப் பின் வந்த சோவியத் இலக்கண நூல்கள் இதை வேற்றுமைப் பட்டியலிலிருந்து இறக்கி வெறும் 'விளி வடிவம்' என்று வைத்தன. வேற்றுமை ஆறுதான், ரஷ்யத்தைப் போல. விளியை வேற்றுமையாக எண்ணலாமா என்ற கேள்வி நமக்கும் பழையது. வேற்றுமை ஏழு, விளியோடு சேர்த்தால் எட்டு என்று தொல்காப்பியம் இரண்டு எண்ணிக்கையையும் சொல்லி, விளிக்குத் தனி இயலும் தந்தது. அங்கே அது இலக்கணக்காரர் ஒருவரின் நிதானமான முடிவு. கீவில் அது மேலிடத்து உத்தரவு. நாடு தனியான பிறகு விளி மீண்டும் ஏழாம் வேற்றுமையாக உட்கார்ந்தது.

உண்மையில் கஷ்டப்படுத்துவது வினைச்சொல். பெரும்பாலான வினைகளுக்கு ஜோடி உண்டு: செயல் நடந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, முடிந்துவிட்டதற்கு ஒன்று. 'சிதாத்தி' படிப்பது, 'ப்ரொசிதாத்தி' படித்து முடிப்பது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் மாதக்கணக்கில் திணறுவார்கள். 'படித்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள இடைவெளியைக் குழந்தையிலேயே கற்றவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். முழுக்க ஒத்துப்போகாது, ஆனால் கதவு திறந்துவிடும்.

பிறகு 'சூர்ஜிக்'. கோதுமையோடு மற்ற தானியம் கலந்து அரைத்த மாவுக்குப் பழைய பெயர் அது. இன்று உக்ரைனியமும் ரஷ்யமும் கலந்த பேச்சுக்கு அந்தப் பெயர். ஒரு காலத்தில் பேராசிரியர்கள் அதைக் களை என்று மட்டும் பார்த்தார்கள். இப்போது சமூக மொழியியலில் அது தனி ஆய்வுக் களம். 2001 கணக்கெடுப்பில் 67.5 சதவீதம் பேர் உக்ரைனியத்தையும் 29.6 சதவீதம் பேர் ரஷ்யத்தையும் தாய்மொழி என்றார்கள். ஆனால் தெருவில் கேட்கும் பேச்சு இப்படி இரண்டு கட்டத்துக்குள் அடங்குவதில்லை. கலப்பு மாவை வைத்துத்தான் பல வீடுகளில் ரொட்டி.

நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த மொழியைச் சந்தித்ததும் இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியபோது சுமார் 18,000 இந்திய மாணவர்கள் உக்ரைனில் இருந்தார்கள், அநேகமாக எல்லோரும் மருத்துவம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் கணிசம். பாடம் ஆங்கிலத்தில், மொழி வகுப்பு என்பது தேர்ச்சி பெற்றால் போதும் என்ற துணைப்பாடம். ஆனால் மருத்துவமனை வார்டுக்குள் காலடி வைத்ததும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். கார்கிவில் பாட்டிம்மா ரஷ்யத்தில் 'வலி எங்கே' என்று கேட்டால்தான் பதில் சொல்வார். இவானோ-ஃபிரான்கிவ்ஸ்கில் அதே கேள்வியை உக்ரைனியத்தில் கேட்க வேண்டும். மொழியைப் பாடமாகப் படிக்காமல், வயிற்றை அழுத்திப் பார்த்துக் கற்றவர்கள் அவர்கள். ஆபரேஷன் கங்கா விமானங்களில் திரும்பியவர்களின் நாக்கில் அந்தச் சில சொற்களும் ஏறி வந்தன.

2022க்குப் பின் உலகப் பல்கலைக்கழகங்களில் உக்ரைனிய வகுப்புக்குக் கூட்டம் கூடியது. ஸ்லாவிய ஆய்வாளர்களின் அமெரிக்கச் சங்கம் தன் 2023 மாநாட்டின் கருப்பொருளாகக் காலனிய நீக்கத்தை வைத்தது. உக்ரைனைப் பற்றி இத்தனை நாள் மாஸ்கோவில் இருந்துகொண்டே பேசினோமே என்ற வெட்கம் அதில் கொஞ்சம் இருந்தது. திடீர் ஆர்வத்துக்குக் கற்பிக்க ஆள் எங்கே கிடைப்பார் என்றால், 1957இல் காசு சேர்த்தவர்கள் கட்டிய இடங்களில்தான். ஆர்வத்தைச் செய்தி உண்டாக்கும். ஆசிரியரை உருவாக்க இருபது ஆண்டு வேண்டும்.

பாடநூல் விஷயத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நடைமுறை எச்சரிக்கை ஒன்று. 2019 மே மாதம் புதிய எழுத்துமுறை வந்தது. 1928 முறையின் சில கூறுகள் அதில் திரும்பின. 'ப்ரொயெக்ட்' என்ற சாதாரணச் சொல்லுக்கே எழுத்து மாறிவிட்டது. நூலகத்தில் கிடைக்கும் பழைய புத்தகமும் இன்றைய கீவ் செய்தித்தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் மாணவர் மேல் தப்பில்லை.

உக்ரைனுக்குள்ளேயே படிப்பது இப்போது இடம்பெயர்ந்து படிப்பதாக ஆகியிருக்கிறது. டோனெட்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம் 2014இலேயே வின்னிட்சியாவுக்குப் போய்விட்டது. சோவியத் முகாமில் 1985இல் இறந்த கவிஞர் வாசில் ஸ்தூஸின் பெயரை 2016இல் ஏற்றது. அவர் டோனெட்ஸ்கில் படித்தவர். மரியுபோல் பல்கலைக்கழகம் இப்போது கீவில். பெயரில் மட்டும் பழைய ஊர்.

ஆக்கிரமிக்கப்பட்ட மரியுபோலின் சுவர்களில் இரவில் யாரோ ஓர் எழுத்தை வரைந்துவிட்டுப் போனார்கள். அது கொம்பு எழுத்து இல்லை. மெலிந்த கோட்டின் தலையில் இரண்டு புள்ளி வைத்தது, 'யி' என்று ஒலிப்பது. ரஷ்ய எழுத்து வரிசையில் அது கிடையாது. பார்த்த மாத்திரத்தில் உக்ரைனியம் என்று தெரிந்துவிடும். நாட்டின் பெயரே அது இல்லாமல் எழுத வராது: உக்-ரா-யி-னா, நான்கு அசை, மூன்றாவதில் அந்த இரண்டு புள்ளி. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த 'உக்ரைன்' என்ற சொல்லில் அந்த அசை கேட்பதில்லை.